பங்குப் பணிக்குப் போக நினைக்கிறீர்களா? மலையகத்தில் இருந்து கிளம்புகிறவர்களுக்கு

"முப்பது தாண்டிவிட்டது, கொழும்பில் கடையில் நிற்கிறேன், ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை சரிவரவில்லை, இனிமேல் பாதராகப் போக முடியுமா?"

இலங்கையின் தோட்டப் பகுதியான மலையகத்தில் இந்தக் கேள்வி நேராகப் பாதரிடம் போவது குறைவு. மறைக்கல்வி வகுப்பு எடுக்கிற என் போன்றவர்களிடம்தான் முதலில் வரும், அதுவும் பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு. மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் இருக்கிற நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கேட்க வருகிறவர்களில் பலர் தங்களுக்கு நேரம் கடந்துவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டே வருகிறார்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு குருமடத்துக்குப் போன பிள்ளைதான் குருவாகலாம், மற்றவர்கள் பின்வரிசையில் நின்று பாட்டுப் பாடலாம் என்ற எண்ணம் எப்படியோ நம் மனதில் ஊறிவிட்டது. அது சரியில்லை. அதனால் பங்குப் பணிக்கு, அதாவது ஓர் ஊர்ச் சபையைக் கவனிக்கும் குருப்பணிக்கு, எந்த வயதில், எந்த வேலையில், எந்த வீட்டில் இருந்து கிளம்பினாலும் முதலில் என்ன செய்வது, யாரிடம் போவது, எங்கே இடறும் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன். ஆனாலும் மற்றச் சபைகளின் வழியையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மூன்று நாலு சபைக்காரர் சேர்ந்து வாழ்கிற இடம் நம்முடையது.

இங்கே யார் யார் இந்த வேலைக்கு வந்தார்கள்

இதை முதலில் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். புனித யோசப் வாஸ் கோவாக்காரர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687 இல், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். 1692 இல் கண்டிக்கு வந்தபோது வேவு பார்க்க வந்தவர் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். கண்டியில் அவர் பணி அந்தச் சிறையில் இருந்துதான் தொடங்கியது, 1711 இல் அங்கேயே கண்ணை மூடும்வரை நடந்தது. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் வைத்து அவரைப் புனிதராக உயர்த்தினார்.

தோட்டங்களின் கதை இன்னும் நமக்குக் கிட்டம். கோப்பிக் காலத்தில், 1854 இல், அங்கிலிக்கன் மிஷனரிகள் தோட்டத் தொழிலாளர் நடுவே 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் வேலை தொடங்கினார்கள். அந்தப் பெயரைக் கேட்க இன்றைக்குக் கசக்கிறது, ஆனால் அதுதான் பெயர். அப்போது மலையேறி லயம் லயமாகப் போனவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்த உபதேசிமார். அபிஷேகம் பெற்ற குருமார் அல்ல. கத்தோலிக்கப் பக்கத்திலும், பாதர் மாதத்துக்கு ஒருமுறை வருவதே பெரிய விஷயமாக இருந்த தோட்டங்களில் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்து, சாகக் கிடந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் உபதேசியார்தான். மலையகத்துப் பங்குகளின் அடித்தளத்தைப் போட்டவர்கள் இப்படிப்பட்டவர்கள் என்பதை மறந்துவிட்டு, குருமடச் சான்றிதழை மட்டும் வைத்து அழைத்தலை அளக்கக் கூடாது.

ஆயர்களைப் பார்த்தாலும் அப்படித்தான். லியோ நாணயக்கார பெனடிக்ட் சபைத் துறவி. கண்டி ஆயராக இருந்தவர், 1972 இல் பதுளை மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) புதிதாகப் பிறந்தபோது, வசதி குறைந்த அந்த இடத்துக்கே முதல் ஆயராகப் போனார். பண்டாரவளையில் சேவக செவண என்ற குருத்துவப் பயிற்சி நிலையத்தை அவர்தான் தொடங்கினார். குருநாகல் அங்கிலிக்கன் பேராயராக 1962 முதல் 1983 வரை இருந்த லக்ஷ்மன் விக்ரமசிங்க அரசியல் விஞ்ஞானம் படித்துவிட்டு வந்தவர். பின்னால் போனால், மத்தேயு வரி வசூலித்தவர், பவுல் கூடாரம் தைத்தவர், ஆமோஸ் ஆடு மேய்த்தவர். உங்கள் பழைய வேலை எதுவாக இருந்தாலும் சரி, அது வெட்கப்பட வேண்டியதல்ல.

யாரிடமும் அறிவிக்காமல் பங்கில் வேலை தொடங்குங்கள்

ஆசை வந்தவுடன் பலர் செய்வது ஊருக்கெல்லாம் சொல்வது. அம்மா அழுவார், பெரியப்பா பெருமைப்படுவார், லயம் முழுக்க "சின்னச் சாமி" என்று கூப்பிடத் தொடங்கிவிடும். அப்புறம் மனம் மாறினாலும் வாய்திறக்க முடியாது. ஆகவே ஒரு வருடமாவது யாருக்கும் அறிவிக்காமல் பங்கில் வேலை செய்யுங்கள். பாடகர் குழு, வாசகம் வாசிப்பது எல்லாம் நல்லதுதான், ஆனால் அவை உங்களைச் சோதிக்காது. சோதிப்பது வேறு வேலைகள்.

சாவு வீட்டுக்குப் போங்கள். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் முழு டிவிஷனும் வேலையை விட்டு வந்து நிற்கும், அதில் பெரும்பான்மையோர் இந்துக்கள். அவர்கள் நடுவில் இரவு முழுக்க இருந்து, தேத்தண்ணீர் கொடுத்து, குழி வெட்டுகிறவர்களோடு நின்று, காலையில் செபம் சொல்லுங்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஒரு தாத்தாவையோ பாட்டியையோ பிடித்துக்கொண்டு வாராவாரம் போய்ப் பாருங்கள், அவர் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் கேளுங்கள். மறைக்கல்வி வகுப்பு ஒன்றை எடுங்கள், அதுவும் கெட்டிக்காரப் பிள்ளைகளின் வகுப்பை விட்டு, பள்ளிக்கூடத்தை விட்டு இடையில் நின்ற பிள்ளைகள் வருகிற வகுப்பை. பங்குப் பேரவையில் இரண்டு குடும்பம் திருவிழாச் செலவுக் கணக்கில் முட்டிக்கொள்ளும்போது இரண்டு பக்கமும் போய்ப் பேசிப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்யும்போது உங்களுக்குள் நடப்பதைக் கவனியுங்கள். களைத்துப்போய் வீட்டுக்கு வந்தும் அடுத்த வாரம் போக மனம் இழுக்கிறதா? யாரும் நன்றி சொல்லாத வேலையைச் செய்ய முடிகிறதா? எல்லாவற்றுக்கும் மேலே, நீங்கள் கேட்காமலே ஆட்கள் உங்களைத் தேடி வருகிறார்களா? இராத்திரி பன்னிரண்டுக்கு ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், வாகனம் பிடிக்கவும் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவை எழுப்பவும் முதலில் உங்கள் கதவைத் தட்டுகிறார்கள் என்றால், பங்கே உங்களைக் கூப்பிடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மாறாக, பீடத்தில் உடுப்புப் போட்டு நிற்கும்போது மட்டும் மனம் குளிர்ந்து, சனத்தோடு இருக்கும்போது எரிச்சல் வருகிறதென்றால் இப்போதைக்கு அவசரப்படாதீர்கள். துறவற சபைகளில் வேறு விதமான அழைத்தல்கள் இருக்கின்றன. பங்குப் பணி என்பது சனத்தோடு கிடப்பது.

எந்த வழியால் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து

ஏ.எல். முடித்த கையோடு போகிறவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அந்தப் பாதை தெளிவாக இருக்கிறது, பாதரே கூட்டிக்கொண்டு போவார். கத்தோலிக்க ஒழுங்கில் குருத்துவப் படிப்பு, மெய்யியலும் இறையியலும் சேர்ந்து, குறைந்தது ஆறு வருடம். அதற்கு முன்னால் ஒன்றிரண்டு வருட ஆயத்தக் காலம், நடுவில் பங்கு அனுபவம் என்று கணக்குப் பார்த்தால் கூடிப் போகும். குருவாக அபிஷேகம் பெற 25 வயது ஆகியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பரீட்சை முடிவு வருவதற்கு இடைப்பட்ட மாதங்களில் ஒரு சம்பள வேலைக்குப் போய்ப் பாருங்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்பவனின் நாள் எப்படி இருக்கும் என்று தெரியாத பாதர் அவனுக்குப் பிரசங்கம் வைப்பது கஷ்டம்.

பரீட்சையில் தவறியவர்கள் ஒரேயடியாகக் கையைவிட வேண்டாம். பொதுவாக ஏ.எல். எதிர்பார்ப்பார்கள் என்பது உண்மை, அதனால் மறுபடி எழுதுங்கள், வேலையில் இருந்துகொண்டே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். படிப்பு ஏறாமல் தவித்தவர்களுக்குப் பெரிய ஆறுதல் யோவான் மரிய வியான்னி. பிரெஞ்சு நாட்டு விவசாயி மகன், இலத்தீன் மண்டையில் ஏறாமல் குருமடத்தில் திணறியவர், ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். இன்றைக்குப் பங்குக் குருக்களுக்கெல்லாம் அவர்தான் பாதுகாவலர்.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் என்னிடம் மிகவும் தயங்கி வருகிறார்கள், ஆனால் என் அபிப்பிராயத்தில் மலையகத்துக்கு இவர்கள் மிகவும் தேவை. தோட்டத்து இளைஞர்கள் பாதிக்கு மேல் வெளியேறிவிட்டார்களோ என்று தோன்றுகிற அளவுக்குப் பல லயங்கள் கிழவர்களும் பிள்ளைகளுமாக இருக்கின்றன. புறக்கோட்டைக் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவன், சம்பளத்தில் பிடித்தம் பிடித்தபோது வாய்பேச முடியாமல் இருந்தவன், அறைக்குள் ஆறு பேரோடு படுத்தவன், தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் மட்டும் ஊருக்கு வந்தவன், இவன் ஒரு பங்குக்கு வந்தால் அந்த வெளியேறிய பிள்ளைகளின் பெற்றோரிடம் பேச அவனுக்குப் புத்தகம் தேவையில்லை. நீங்கள் செய்ய வேண்டியது இது: கொழும்பில் இருக்கும் காலத்திலேயே அங்கே ஒரு பங்கில் பதிந்து, ஞாயிறு மட்டுமாவது ஒழுங்காகப் போய், அந்தப் பங்குத்தந்தைக்கு உங்களைத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சிபாரிசுக் கடிதம் கேட்கும்போது "கடைசி ஐந்து வருடம் எங்கே இருந்தீர்கள், அங்கே யாருக்கு உங்களைத் தெரியும்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். சொந்தப் பங்கின் கடிதம் மட்டும் போதாது.

ஆசிரியர், தாதி, ஓட்டோ ஓட்டுகிறவர், வங்கிக் கணக்கு எழுதுகிறவர், தொழிற்சங்கத்தில் தோட்டத் தலைவராக இருந்தவர், இவர்களெல்லாம் தங்கள் வேலையைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டாம். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அப்படி ஒரு நாளில் பங்கில் தேவைப்படுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். காணாமல் போனவர்களின் பெயர்ப்பட்டியலைப் பிழையில்லாமல் எழுதுகிறவர், அதிகாரிகளோடு சிங்களத்தில் பேசுகிறவர், காயம் கட்டத் தெரிந்தவர், பாதை தெரிந்த டிரைவர், முகாமில் அரிசியைச் சண்டையில்லாமல் பங்கிடுகிறவர். இதெல்லாம் பின்னாளில் குருவுக்கும் வேண்டிய கைவேலை. சங்கத்தில் இருந்து வருகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: கட்சிப் பொறுப்பில் இருந்தால், விண்ணப்பிக்கிறதற்கு நல்ல காலம் முன்னதாகவே அதைவிட்டு விலகிவிடுங்கள். எதிர்ச்சங்கத்துக் குடும்பமும் உங்கள் கையால் நற்கருணை வாங்க வேண்டும். உரிமைக்காகக் குரல் கொடுப்பதை விடச் சொல்லவில்லை. கண்டியில் 1972 இல் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தோட்ட மக்களுக்காகப் பேசிய போல் கஸ்பர்ஸ் இயேசு சபைக் குரு. 2023 இல் மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தபோதும் சபைக்காரர்கள் கூடவே நடந்தார்கள்.

திருமணமானவர்களுக்கு வழி சபையைப் பொறுத்து மாறும். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் சபைகளில் குருவுக்குக் குடும்பம் இருக்கலாம். நம் இலத்தீன் முறைக் கத்தோலிக்க ஒழுங்கில் மனைவி உள்ளவர் குருவாக முடியாது, ஆனால் நிரந்தரத் திருத்தொண்டராகலாம் (குருவுக்கு அடுத்த நிலையில் அபிஷேகம் பெற்றுப் பணி செய்பவர்), 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மனைவியின் சம்மதம் கட்டாயம். உங்கள் மறைமாவட்டத்தில் ஆயர் அந்தப் பயிற்சியை நடத்துகிறாரா என்று முதலில் கேளுங்கள். மனைவியை இழந்தவர் குருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம், பிள்ளைகள் தங்கள் காலில் நிற்கிறார்களா என்று பார்ப்பார்கள். எந்தச் சபையானாலும் மனைவியிடம் கடைசியாகச் சொல்கிற பழக்கம் வேண்டாம். மிஷன் வீட்டில், அதாவது குருவின் வீட்டில், யார் எந்த நேரத்தில் கதவைத் தட்டினாலும் அடுப்பில் தண்ணீர் வைப்பது அவர்தான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடி அலைவதும் அவர்தான். அவரும் போதகரைச் சேர்ந்து சந்திக்கட்டும், அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும்.

பெண்கள். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மலையகத்தில் செபக்கூட்டத்தை நடத்துவது, நோயாளியைப் பார்ப்பது, சண்டை போட்ட மருமகளைச் சமாதானப்படுத்துவது என்று பங்கு வேலையின் பெரும்பகுதி ஏற்கனவே பெண்கள் தோளில்தான் இருக்கிறது. பகல் முழுக்கக் கொழுந்துக் கூடையும் அதே தோளில். அங்கிலிக்கன் சபையிலும் மெதடிஸ்த சபையிலும் பெண்கள் அபிஷேகம் பெற்றுக் குருவாகப் பணி செய்யலாம். ஆகவே அந்தச் சபைகளில் இருக்கும் தங்கச்சிமார், ஞாயிறு பாடசாலை ஆசிரியையாக இருப்பதோடு நின்றுவிடாமல், நேராகவே போதகரிடம் கேளுங்கள். "பொம்பளைப் பிள்ளை எப்படிச் சாவு வீட்டில் நின்று அடக்க ஆராதனை நடத்துவது?" என்று உறவுக்காரர் கேட்பார்கள். ஒருமுறை நடத்திக் காட்டினால் அந்தக் கேள்வி நிற்கும். கத்தோலிக்கரில் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை. கன்னியர் சபைகள் இருக்கின்றன. அதோடு, 2021 இல் பாப்பரசர் பிரான்சிஸ் உபதேசியார் பணியை ஆண் பெண் இருபாலாரும் முறைப்படி ஏற்கக்கூடிய திருப்பணியாக நிறுவினார். நம் மலைகளில் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக நடந்துவருகிற வேலைக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்கும்போது அதை நாம் பயன்படுத்தாமல் விடக் கூடாது.

இந்துக் குடும்பத்தில் இருந்து ஞானஸ்நானம் பெற்று வந்தவர்கள் மிகவும் வேகமாக இருப்பார்கள், நேற்று ஞானஸ்நானம், நாளை ஊழியம் என்று நிற்பார்கள். பொறுங்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைப் பொறுப்பில் வைக்கக் கூடாது என்று திமொத்தேயுவுக்கு எழுதிய திருமுகத்திலேயே இருக்கிறது, கத்தோலிக்கச் சட்டமும் போதிய காலம் சோதித்துப் பார்க்கும்வரை அவர்களை நிறுத்தி வைக்கிறது. அந்தக் காத்திருப்பைத் தண்டனையாக எடுக்காதீர்கள். அந்த வருடங்களில் உங்கள் வீட்டை இழக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. அம்மாவின் சாமிப் படத்தைக் குறை சொல்லாதீர்கள், தங்கையின் சடங்குக்குப் போய் நாற்காலி அடுக்குங்கள், மாரியம்மன் தேர் லயத்து வாசலுக்கு வரும்போது கதவைச் சாத்தாதீர்கள். சொந்த வீட்டோடு பகை வைத்துக்கொண்டு வந்தவருக்கு, இந்துக்கள் பெரும்பான்மையாக இருக்கிற தோட்டத்தில் பங்கு நடத்துவது முடியாத காரியம்.

சுயாதீன சபைகளில், யாரும் அனுப்பாமல், தானே கூடாரம் போட்டு ஊழியம் தொடங்க நினைக்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஆர்வத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் கணக்கு கேட்க ஒரு மூத்தவர், திருத்த ஒரு குழு, படிக்க ஓர் இடம், இந்த மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். பேராதனையில் லங்கா வேதாகமக் கல்லூரி இருக்கிறது, கொழும்பு இறையியல் கல்லூரியில் தமிழிலும் படிக்கலாம். அப்புறம், லயத்தில் சுவர் ஒன்றுதான் இடைவெளி, இராத்திரியில் ஒலிபெருக்கி வைக்காதீர்கள்.

எங்கே போய்க் கேட்பது

உங்கள் தோட்டம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று முதலில் பாருங்கள். கத்தோலிக்கரில் கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்கள் கண்டி மறைமாவட்டம், அதாவது ஹட்டன், தலவாக்கலை எல்லாம் இதில்தான். பதுளையும் மொனராகலையும் பதுளை மறைமாவட்டம். இரத்தினபுரியும் கேகாலையும் இரத்தினபுரி மறைமாவட்டம். அங்கிலிக்கன்களுக்குக் கண்டி, மாத்தளைப் பக்கம் குருநாகல் பேராயருக்குக் கீழே, நுவரெலியா, பதுளைப் பக்கம் கொழும்புப் பேராயருக்குக் கீழே. மெதடிஸ்தர்கள் தங்கள் சேகரத்து முகாமைக் குருவிடம் போக வேண்டும். அங்கே பொதுவாக முதலில் உள்ளூர்ப் பிரசங்கியாராகப் பயிற்சி பெற்றுத்தான் மேலே போவார்கள், வேலையில் இருந்துகொண்டே செய்யக்கூடியது, ஆகவே குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

படிக்கிற இடங்களும் நம் மலையிலேயே இருப்பது நமக்குக் கிடைத்த கொடை. கண்டி அம்பிட்டியவில் இருக்கிற தேசியக் குருமடம், பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ காலத்தில் 1893 இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாகத் தொடங்கிய பாப்பரசக் குருமடம் இருந்த இடம். அது 1955 இல் பூனேக்குப் போன பிறகு நம் நாட்டுக் குருமடமானது. யாழ்ப்பாணத்தில் புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடம் இருக்கிறது, யாரை எங்கே அனுப்புவது என்று ஆயர் முடிவெடுப்பார். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் சபைகளுக்குப் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி, 1963 இல் தொடங்கியது, தமிழிலும் சிங்களத்திலும் படிப்பிக்கிறார்கள். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே வளாகத்தில் சாப்பிட்டு, படித்து, செபித்து வளர்வது இந்த நாட்டில் சின்ன விஷயமில்லை.

சிங்களம் தெரியாமல் போகாதீர்கள். நான் இதைப் பிடிவாதமாகச் சொல்வேன். பங்கில் சிங்களப் பூசையும் இருக்கும், பொலிஸிலும் ஆஸ்பத்திரியிலும் பிரதேச செயலகத்திலும் சனத்துக்காகப் பேச வேண்டியவர் நீங்கள்தான்.

முதல் சந்திப்புக்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை

பத்திரங்கள்தான் நம் பிள்ளைகளை அதிகம் இழுத்தடிக்கிறது. ஞானஸ்நானப் பத்திரம், உறுதிபூசுதல் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, இவற்றில் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எடுத்து வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. பிறப்பைப் பதிந்தவர் சிங்களத்தில் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஞானஸ்நானப் புத்தகத்தில் புனிதர் பெயர் இருக்கும், பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பெயரைக் கொடுத்திருப்பார்கள். சிலருக்குப் பிறப்புச் சான்றிதழே இருக்காது, அனுமான வயதுச் சான்றிதழ்தான் இருக்கும். திருத்த வேண்டியதைப் பிரதேச செயலகப் பதிவாளரிடம் இப்போதே தொடங்குங்கள், மாதக்கணக்கில் இழுக்கும். பெற்றோரின் திருமணப் பத்திரத்தையும் தேடி எடுங்கள்.

அடுத்தது கடன். உங்கள் பெயரில் நுண்கடன், நகைக் கடன், ஓட்டோவுக்கு எடுத்த லீசிங், யாருக்காவது போட்ட பிணைக் கையெழுத்து, எதுவும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. குருமடத்துக்குள் இருக்கும்போது கடன்காரன் லயத்து வாசலில் வந்து அம்மாவைப் பேசினால் உங்களால் படிக்க முடியாது. வீட்டுக்கு அனுப்பும் பணமும் நின்றுவிடும் என்பதைத் தம்பி தங்கைகளோடு வெளிப்படையாகப் பேசுங்கள். மூத்த மகனின் சம்பளத்தில் ஓடுகிற வீடு என்றால், அடுத்தவர் வேலைக்குப் போகும்வரை இரண்டு வருடம் பொறுப்பதில் தப்பேயில்லை. அந்த இரண்டு வருடத்தையும் பாதர் உங்களுக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

சந்திக்கப் போகும்போது உங்கள் கதையை ஒரு நாலு பக்கம் கையால் எழுதிக்கொண்டு போங்கள். அழகுபடுத்தி எழுத வேண்டாம். குடித்த காலம் இருந்தால் எழுதுங்கள், காதல் இருந்தால் எழுதுங்கள், வேறு குருமடத்தில் இருந்து விலகியிருந்தால் கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் அங்கே கடிதம் எழுதிக் கேட்பார்கள். மருத்துவப் பரிசோதனை, உளநலப் பரிசோதனை, வீட்டுக்கு வந்து பார்ப்பது, அயலவரிடம் விசாரிப்பது எல்லாம் நடக்கும். லயத்துக் காம்பரா அறையைப் பார்த்து ஏதும் நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். ஒன்றைப் பற்றி மட்டும் உங்களை நீங்களே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: எந்த வீட்டில் கொடுத்தாலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பீர்களா? சாதியைப் பற்றி நாம் வெளியில் பேசுவதில்லை, ஆனால் பங்கில் எல்லோருக்கும் தெரியும் பாதர் எந்த வீட்டில் சாப்பிட்டார், எந்த வீட்டைக் கடந்து போனார் என்று.

பாதியில் திரும்பி வருகிறவர்கள்

உள்ளே போன எல்லோரும் குருவாக மாட்டார்கள், அதற்குத்தான் அத்தனை வருடப் பயிற்சி. ஆனால் மலையகத்தில் திரும்பி வந்த பிள்ளையை நாம் நடத்துகிற விதம் எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. "சாமியாகப் போய் மாமியிடம் வந்துட்டான்" என்று கேலி பேசுகிறார்கள், பெற்றோர் வெளியே தலைகாட்டாமல் இருக்கிறார்கள், அவனோ அடுத்த வாரமே கொழும்புக்கு பஸ் ஏறி, அப்புறம் கோயில் பக்கமே வருவதில்லை. இப்படி எத்தனை நல்ல பிள்ளைகளை இழந்துவிட்டோம்.

வீட்டார் செய்ய வேண்டியது, ஏன் வந்தாய் என்று ஒரு மாதத்துக்குக் கேட்காமல் இருப்பது. பங்குத்தந்தையும் பேரவையும் செய்ய வேண்டியது, வந்த முதல் ஞாயிறே அவருக்கு ஒரு வாசகம் கொடுப்பது, அடுத்த மாதம் ஒரு மறைக்கல்வி வகுப்பைக் கையில் கொடுப்பது. இறையியல் படித்த தலை, பாடசாலைகளில் சமய பாடம் படிப்பிக்க ஆள் இல்லாத நம் ஊரில் வீணாகப் போகக் கூடாது, ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் வரும்போது அவருக்குச் சொல்லுங்கள், தேவையான கடிதத்தைத் தாமதிக்காமல் கொடுங்கள். திரும்பி வந்தவரே சில வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்க விரும்பலாம். அதற்கும் வழி இருக்கிறது, முன்பிருந்த குருமடத்தின் கடிதம் வேண்டும், அதனால் வெளியே வரும்போது அங்கே யாரோடும் முறித்துக்கொண்டு வராதீர்கள்.